குளிர வைத்தால் மங்கு மறையுமா?

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி முகக் கருமை பற்றித்தான் இருக்கும், வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "ஃப்ரீஸ் பண்ணினால் போயிடுமாமே டாக்டர்?" ஏழெட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். மதுரையில் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது குளிர் என்ற சொல்லைக் கேட்டாலே சுகமாகத்தான் இருக்கிறது, விளம்பரம் போடுகிறவர்களுக்கும் அது தெரியும். சரி, இந்த இதழ் முழுக்கக் குளிர்தான்.

வயது 56. இரண்டு கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் பழுப்புப் புள்ளிகள், நாலைந்து வருஷமாகக் கூடிக்கொண்டே வருகின்றன. நியூஜெர்சியில் இருக்கும் மகள், அங்கே முகத்தைக் குளிர வைத்தே புள்ளியை மங்க வைக்கிற மெஷின் வந்திருக்கிறது, வலியே இல்லை என்கிறாள். இங்கே எங்கள் தெருவில் ஒரு பியூட்டி கிளினிக்காரர்கள் 'கிரையோ ஃபேஷியல், ஆறு சிட்டிங் 24,000 ரூபாய்' என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றுதானா? செய்துகொள்ளலாமா?
– வாசகி, கே.கே. நகர், மதுரை

ஒன்று இல்லைம்மா. பெயரில் குளிர் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் முன்னால் பழையது ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்கினால்தான் மற்ற இரண்டும் விளங்கும்.

பழையது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிற திரவம். தோல் டாக்டர்கள் இதை மருவின் மேல் சில விநாடி பீய்ச்சுவோம், அல்லது பஞ்சுக் குச்சியில் தோய்த்து வைப்போம். அந்த இடம் வெள்ளையாக உறையும், அப்புறம் சிவக்கும், கொப்புளம் வரும், பொருக்கு தட்டி உதிரும். அழகுக்காக வந்ததில்லை, வேண்டாத தோலைச் சாகடிக்க வந்தது.

உங்கள் மகள் சொல்வது இதன் சாதுவான தம்பி. ஒரு விஷயம் தோல் டாக்டர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும்: தோலில் நிறம் தயாரிக்கிற செல்லுக்கு, மெலனோசைட் என்று பெயர், குளிர் அறவே ஆகாது. மைனஸ் 5 டிகிரி வாக்கிலேயே அது அடிபட ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருக்கிற சாதாரணத் தோல் செல் சாக மைனஸ் 20, 30 வரை போக வேண்டும். இந்த இடைவெளியில் ஒரு வித்தை செய்யலாமே என்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், டீட்டர் மான்ஸ்டீன் போன்றவர்கள் இறங்கினார்கள். ஆண்டர்சன் லேசர் சிகிச்சைக்கே 1983-இல் அடிப்படைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். அந்த வழியில் வந்த மெஷின்கள் குளிர்ந்த உலோக முனையைத் தோலில் வைத்து, வெப்பத்தை அளந்து அளந்து இறக்கி, நிறச் செல்லைக் கொல்லாமல் அதன் வேலையை மட்டும் கொஞ்ச நாள் மந்தமாக்கப் பார்க்கின்றன. யோசனை நல்ல யோசனை. ஆனால் ஆய்வுகள் இன்னும் சிறியவை, பலன் நிரந்தரமில்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நம் ஊர் மாநிறத் தோலில், நம் ஊர் வெயிலில், பல வருஷம் பார்த்த அனுபவம் யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகும்போது ஒரு நல்ல தோல் டாக்டர் பார்த்துச் சொன்னால் செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்காக டிக்கெட் எடுக்க வேண்டாம்.

உங்கள் தெரு நோட்டீஸில் இருக்கிற கிரையோ ஃபேஷியல் பெரும்பாலும் ஒரு குளிர்ந்த கோலை வைத்து முகத்தில் தேய்ப்பது, இல்லையென்றால் குழாயில் குளிர் ஆவியை ஊதுவது. நிறச் செல் வரைக்கும் அந்தக் குளிர் போய்ச் சேராது, சேரவும் கூடாது, டாக்டர் இல்லாத இடத்தில் சேர்ந்தால் வம்பு. நடப்பது என்னவென்றால், ரத்தக் குழாய் சுருங்கி முக வீக்கம் கொஞ்சம் வற்றும், எடுத்தவுடன் ரத்தம் திரும்பப் பாய்ந்து கன்னம் பளபளக்கும். கண்ணாடியில் பார்த்தால் அரைமணி நேரம் அருமையாக இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று மத்தியானம் செய்துகொண்டால் சாயங்காலம் போட்டோவுக்கு ஆகும். புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 24,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இரண்டாவது பேச்சு. முதல் பேச்சு, அந்தப் புள்ளி என்ன புள்ளி? உங்கள் கடிதத்தில் அது இல்லை, மகளும் கேட்கவில்லை, நோட்டீஸ் கொடுத்தவர்கள் கேட்கவே மாட்டார்கள். 56 வயதில் கன்னத்தில் பழுப்பாக இருப்பது வெயிலால் வந்த முதுமைப் புள்ளியாக இருக்கலாம். மங்காக இருக்கலாம், அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேகம் படர்ந்ததுபோல இருக்கும், ஓரம் தெளிவாக இருக்காது. கடுகு கடுகாகக் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் குட்டி மருக்கள், நம் ஆட்களுக்கு வயதாக ஆகக் கன்னத்திலும் கழுத்திலும் அள்ளித் தெளித்த மாதிரி வரும். நீங்கள் தலைக்கு டை அடிக்கிறவராக இருந்தால் நெற்றி ஓரக் கருமைக்கு டை அலர்ஜியும் காரணமாகலாம், அதை நிறுத்தாமல் என்ன மெஷின் வைத்தாலும் வீண். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. முதுமைப் புள்ளி ஒன்றிரண்டாக இருந்தால் லேசரிலோ லேசான நைட்ரஜனிலோ எடுக்கலாம். குட்டி மருக்களை மின்சூட்டில் தொட்டு எடுப்போம். மங்கைச் சீண்டினால் இன்னும் கறுக்கும்.

ஒருமுறை தோல் டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். டெர்மோஸ்கோப் என்று ஒரு விளக்கு வைத்த பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பணம் கட்ட வேண்டாம் என்றால் மதுரை அரசுப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது (எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறீர்கள் என்று தெரியும்), காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறேன், வயது 63. முதுகு, கை, நெற்றிப் பொட்டு எல்லாம் கறுப்பாகத் தடித்துப் புளியங்கொட்டை ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறது. வலி இல்லை, சட்டை பட்டால் அரிக்கிறது. டாக்டர் நைட்ரஜன் வைத்து எடுக்கலாம் என்றார். எங்கள் ஊரில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் ஒரு கேன் கொண்டு வருவார், மூடியைத் திறந்தால் புகையாக வரும், அதுவும் நைட்ரஜன் என்பார். அதையா மனுஷன் மேல் வைப்பார்கள்?
– வாசகர், சோழவந்தான்

அதேதான் ஐயா. ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. அந்தக் கேனுக்குள் உறைவிந்துக் குச்சியைக் கெடாமல் வைத்திருப்பதும் திரவ நைட்ரஜன்தான், எங்கள் அறையில் ஃபிளாஸ்க் மாதிரி இருக்கும் ஸ்பிரேயில் இருப்பதும் அதுதான். புகை என்று நீங்கள் பார்ப்பது நைட்ரஜன்கூட இல்லை, குளிரில் காற்றில் இருக்கும் ஈரம் பனியாவது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் செபோரிக் கெரடோசிஸ் என்று நாங்கள் சொல்லும் முதுமை மரு மாதிரி இருக்கிறது. புற்றுநோய் இல்லை, தொற்றாது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்திருக்கும். இதற்குத்தான் குளிர் உண்மையிலேயே கெட்டி. மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிற சரக்கு என்பதால் ஐந்து முதல் பத்து விநாடி பீய்ச்சினால் போதும். மரத்துப்போக ஊசி வேண்டாம். பச்சை மிளகாய் நறுக்கின கையை வைத்தாற்போல ஒரு எரிச்சல், அரைமணி நேரம் விண்ணென்று இருக்கும். அடுத்த நாள் கொப்புளம் வரலாம், உள்ளே ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாகக்கூட இருக்கலாம், பயப்பட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவலாம், மேலே கொஞ்சம் வாசலின். முகத்தில் பத்து நாளில் உதிரும், கையிலும் முதுகிலும் இரண்டு மூன்று வாரம் ஆகும். சுண்ணாம்பு வைக்காதீர்கள். கொடிக்கால்காரரிடம் சுண்ணாம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. நெற்றிப் பொட்டில் இருப்பதைக் குளிரில் எடுத்தால் வெள்ளைத் தழும்பு விழ வாய்ப்பு உண்டு, முதுகில் விழுந்தால் யார் பார்க்கப் போகிறார்கள், நெற்றியில் விழுந்தால் தெரியும். நெற்றிக்கு மட்டும் வேறு வழி உண்டா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மின்சூட்டில் லேசாகச் சுரண்டி எடுப்பதும் நடக்கும். சர்க்கரை இருந்தால் முழங்காலுக்குக் கீழே எதையும் உறைய வைக்க விடாதீர்கள், புண் ஆற மாதக் கணக்கில் ஆகும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உள்ளங்காலையும் கால் நகத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற பொல்லாத தோல் புற்று வருவது அபூர்வம், வந்தால் முகத்தைவிட உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் பார்க்கிறோம். அங்கே புதிதாகக் கறுப்பு படர்ந்தால், அதுவும் ஓரம் கோணல்மாணலாக இருந்தால், நைட்ரஜன் வைக்கக் கூடாது, வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உறைய வைத்துவிட்டால் சோதிக்கச் சரக்கு இருக்காது.

இந்தக் குளிர் வைத்தியம் மாட்டுக்கு முத்திரை குத்துவதிலிருந்து வந்தது என்கிறான் என் நண்பன். கதை விடுகிறானா?
– கல்லூரி மாணவர், அலங்காநல்லூர்

முழுக்கக் கதை இல்லை தம்பி. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ஃபேரல் என்ற கால்நடை மருத்துவர் 1966-இல் குளிர் முத்திரையைக் கொண்டு வந்தார். சூட்டுக்கோலை நெருப்பில் வைப்பதற்குப் பதில் செம்பு அச்சைத் திரவ நைட்ரஜனில் முக்கி, முடி மழித்த இடத்தில் வைத்து அழுத்துவது. நிறச் செல் செத்துவிடும், தோல் பிழைத்துக்கொள்ளும், சில வாரத்தில் அந்த அச்சு வடிவத்தில் வெள்ளை முடி முளைக்கும். கறுத்த மாட்டில் பளிச்சென்று தெரியும். வெள்ளை மாட்டில் வெள்ளை முடி எங்கே தெரியப்போகிறது, அதற்கு இன்னும் அதிக நேரம் அழுத்தி முடியே முளைக்காமல் செய்ய வேண்டும்.

முகத்துக்கு வந்த மெஷின்காரர்களும் இதை ஒரு முன்னோடியாகச் சொல்வதுண்டு. எனக்கு இதைப் படித்ததும் தோன்றியது வேறு: கறுத்த மாட்டில் எது பளிச்சென்று தெரிகிறதோ, அதுதான் மாநிற முகத்திலும் தெரியும். கீழே உள்ள கடிதத்தைப் படி.

கன்னத்தில் இருந்த ஒரு புள்ளியை ஒரு கிளினிக்கில் ஸ்பிரே அடித்து எடுத்தார்கள். புள்ளி போனது, அந்த இடத்தில் இப்போது வெள்ளையாக இருக்கிறது. எட்டு மாதம் ஆகிறது. என் நாத்தனார் இது வெண்குஷ்டமா என்று கேட்கிறாள். நிறம் திரும்புமா?
– வாசகி, மேலூர்

நாத்தனாருக்கு முதலில் சொல்லிவிடுங்கள், குஷ்டம் வேறு, வெண்புள்ளி வேறு, உங்களுக்கு இருப்பது இரண்டும் இல்லை. குளிரில் நிறச் செல் செத்த தழும்பு. யாருக்கும் தொற்றாது, பரவாது.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தோல் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம், கையில் நைட்ரஜன் ஸ்பிரே கிடைத்த புதுசு, எதைப் பார்த்தாலும் உறைய வைக்கத் தோன்றும். சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா, கன்னத்தில் தட்டையாக ஒரு பழுப்புப் புள்ளி. மூன்று விநாடி போதும் இடத்தில் சுத்தமாகப் போகட்டும் என்று எட்டு, பத்து எண்ணிவிட்டேன். சுத்தமாகத்தான் போனது. ஒரு வருஷம் கழித்து வந்தார், கன்னத்தில் எட்டணாக் காசு அளவுக்கு வெள்ளை. அவர் சண்டை போடவில்லை. "கறுப்பா இருந்தப்ப யாரும் எதுவும் கேக்கல டாக்டரம்மா. இப்ப பஸ்ல பக்கத்துல உக்கார யோசிக்கிறாங்க" என்றார். அதற்கு அப்புறம் முகத்தில் ஸ்பிரே எடுக்கும் முன் நான் இரண்டு முறை யோசிக்கிறேன்.

வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளைத் தழும்பு விழுந்தால் பக்கத்துத் தோலோடு கலந்துபோய்விடும், அந்த ஊர்ப் புத்தகத்தில் சின்னப் பக்கவிளைவு என்று ஒரு வரியில் போட்டிருப்பார்கள். 1975-இல் ஹார்வர்டில் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வகை பிரித்தாரே, அந்த அளவுகோலில் நம்மில் பெரும்பாலோர் நாலாவது, ஐந்தாவது வகை. நமக்கு அந்த ஒரு வரி வாழ்க்கைப் பிரச்சினை.

இப்போது உங்கள் கேள்விக்கு. நிறம் திரும்பலாம், மெதுவாக. முடிக்கால்களின் அடியில் நிறச் செல் ஒளிந்திருக்கும், அங்கிருந்தும் ஓரத்திலிருந்தும் ஊர்ந்து வரும். கண்ணாடியில் உற்றுப் பாருங்கள், வெள்ளைக்குள் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டு தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், ஒன்றரை வருஷம் வரை பொறுக்கலாம். ஒன்றுமே தெரியவில்லை, தோல் மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது என்றால் தானாக வருவது கஷ்டம். அதற்கும் வழி உண்டு, காதுக்குப் பின்னாலிருந்து பொட்டு அளவு தோல் எடுத்து நடுகிற சின்ன அறுவை நம் ஊரிலேயே செய்கிறார்கள். அதுவரை சுற்றியுள்ள தோலை வெயிலில் கறுக்க விடாதீர்கள், கறுத்தால் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். விசேஷத்துக்குப் போகும்போது உங்கள் நிறத்துக்கு ஏற்ற கன்சீலர் தடவிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெண்புள்ளி இருக்கிறவர்களுக்கும் குளிர் வைத்தியம் வேண்டாம், காயம் பட்ட இடத்தில் புதுப் புள்ளி கிளம்பும் ஆபத்து உண்டு.

விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் வேலை. தினமும் காலையில் ஐஸ் கட்டியை முகத்தில் தேய்க்கிறேன், ராத்திரி மெடிக்கலில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் போடுகிறேன். முதல் மாதம் நல்ல கலர் வந்தது. இப்போது முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, மீசை மாதிரி முடியும் வருகிறது. ஐஸ் ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, வயது 24

ஐஸ் பாவம். பிரீசரிலிருந்து எடுத்தவுடன் ஐஸ் மைனஸ் 18 வரை இருக்கும், அது தோலில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும். நீர் கசிய ஆரம்பித்த ஐஸைத் துணியில் சுற்றி ஒரு நிமிஷம் வைப்பதில் பெரிய தப்பும் இல்லை, கருமை போகிற நன்மையும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தடிப்புத் தடிப்பாக வீங்குகிறவர்கள், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள் மட்டும் ஐஸ் பக்கமே போகக் கூடாது.

குற்றவாளி அந்த கிரீம். டியூபை எடுத்துப் பின்னால் பொடி எழுத்தில் பார்: மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், ஃபுளுவோசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இருக்கும். இந்த மூன்றையும் கலக்கும் யோசனை பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் கிளிக்மேன் 1975-இல் சொன்னது, மங்குக்கு நல்ல மருந்து, டாக்டர் கணக்கு வைத்துச் சில வாரம் கொடுத்து நிறுத்துகிற வரை. கடைக்காரர் கொடுத்து, மாதக் கணக்கில் பவுடர் மாதிரி பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நீ எழுதியிருக்கிற அத்தனையும் வரும். மீசை முடியும் அதனால்தான். 2018-லேயே இந்த ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்கிறது, விற்பது விற்றபடி நடக்கிறது.

பொட்டென்று நிறுத்தினால் முகம் இரண்டு மடங்கு எரியும், அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் எல்லாரும் திரும்ப டியூபைப் பிதுக்குகிறார்கள். டியூபோடு தோல் டாக்டரிடம் போ, படிப்படியாக இறக்குவார். இந்த முகத்தில் யாராவது குளிர் மெஷினோ லேசரோ வைக்கிறேன் என்றால் எழுந்து வந்துவிடு.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னம் முழுக்க மங்கு. வெயிலில் பூப்பறிக்கப் போவதை நிறுத்திவிட்டேன், ஆனாலும் குறையவில்லை. மங்கை உறைய வைத்து உரிக்க முடியாதா?
– வாசகி, உசிலம்பட்டி

முடியாது, செய்யக் கூடாது. முதுமைப் புள்ளி ஒரு இடத்தில் குவிந்த சாயம் மாதிரி, அந்த இடத்தைக் காலி செய்தால் தீர்ந்தது. மங்கில் கன்னம் முழுக்க நிறச் செல் உசுப்பேறிக் கிடக்கிறது, ஹார்மோன், வெயில், சூடு எல்லாம் சேர்ந்து உசுப்பியது. அதைக் குளிரில் காயப்படுத்தினால் சில இடம் வெளுத்து, சில இடம் இன்னும் கறுத்து, முகம் வரைபடமாகிவிடும்.

வெயிலை நிறுத்தியும் ஏன் குறையவில்லை? அடுப்படி. விறகடுப்போ கேஸோ, முகத்தில் அடிக்கிற அனலும் மங்கைக் கூட்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை, சாப்பிட்டால் மாற்று முறையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்கு மேல், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நீட்டி அதன் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை அளவு. நம் ஆட்கள் பட்டாணி அளவு எடுத்துப் பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். மங்குக்குத் தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீன் விசேஷம், அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், வெறும் வெள்ளைக் கிரீம் அதைச் செய்யாது. மத்தியானம் திரும்பப் பூச வேண்டும். வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் குடையும் முக்காடும், அதுவும் பாதி மருந்து. மிச்சத்துக்கு டாக்டர் கிரீமோ டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையோ தருவார். இந்த மாத்திரை ரத்தம் உறைவதோடு விளையாடுவது, காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை. பால் கொடுக்கிறீர்களானால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மகனுக்கு 15 வயது. கழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி கறுப்பு, நார் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. குளிர் பேஷியல் செய்யலாமா?
– தாய், திருமங்கலம்

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. தொட்டுப் பார்த்தால் வெல்வெட் மாதிரி இருக்கிறதா? பையன் எடை கூடவா? உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குக் கழுத்து கொடுக்கிற தகவல் அது. வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள், பரோட்டாவையும் பாட்டில் குளிர்பானத்தையும் குறையுங்கள், தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். எடை இறங்கினால் கழுத்தும் தெளியும்.

குளிரில் தொப்பை கரையும் என்கிறார்களே?
– வாசகர், பைபாஸ் ரோடு

கரையும், கொஞ்சம். 1970-இல் குச்சி ஐஸ் சப்பிய ஒரு குழந்தைக்குக் கன்னத்துக் கொழுப்பு கட்டியாகிக் கரைந்ததை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள், அதைப் பிடித்துத்தான் மேலே சொன்ன பாஸ்டன்காரர்கள் கொழுப்பை உறைய வைக்கும் மெஷினைச் செய்தார்கள். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி. இடுப்பில் ஒரு மடிப்பு குறையும், தராசில் முள் அசையாது. சிலருக்குக் கரைவதற்குப் பதில் அந்த இடமே தடித்துப்போகும், லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற உலகப் புகழ் மாடல் தனக்கு அப்படி ஆனதை 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் முகத்தில் புள்ளி இல்லையா டாக்டர்?
– வாசகி, செல்லூர்

இருக்கிறதே. வலது கன்னத்தில் மூன்று, இடதில் ஒன்று. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவருக்கு வலது பக்கம்தான் ஜன்னல், கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்டிருந்தாலும் வெயிலில் இருக்கிற யுவிஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும், இருபது வருஷம் மேலூர் ரோட்டில் போய்வந்த கணக்கு அது. இப்போது காலையில் சன்ஸ்கிரீன் பூசாமல் சாவியை எடுப்பதில்லை. போன வருஷம் முதுகில் உள்ளாடைப் பட்டை உரசுகிற இடத்தில் இரண்டு மரு வந்தது, கூடப் படித்த தோழியிடம் நைட்ரஜன் வைத்து எடுத்துக்கொண்டேன். "அப்படியே கன்னத்துக்கும் ரெண்டு விநாடி அடிச்சு விடவா?" என்று ஸ்பிரேயைத் தூக்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.